விசையை யார் கையில் கொடுத்தார்கள்? நியூ ஜெர்சியின் ஸ்மார்ட் துப்பாக்கிச் சட்டம், 2002–2019

2014 மே மாதத் தொடக்கம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ராக்வில் என்றொரு ஊர். அங்கே துப்பாக்கிக் கடை நடத்திவந்த ஒருவர், ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் புதுவகைக் கைத்துப்பாக்கியைத் தம் கடையில் விற்கப்போவதாக அறிவித்தார். செய்தி பரவியதும் கடையின் தொலைபேசி ஓயவில்லை. கொலை மிரட்டல்கள் வந்தன. கடையைக் கொளுத்திவிடுவோம் என்றும் சிலர் சொன்னார்கள். ஓரிரு நாளில் அவர் பின்வாங்கினார். அந்தத் துப்பாக்கியை விற்கப்போவதில்லை என்று தாமே ஒரு காணொளியில் சொன்னார். இத்தனைக்கும் அவர் துப்பாக்கி உரிமையை முழு மனத்தோடு ஆதரிப்பவர். ஒருவர் விரும்பிய துப்பாக்கியை வாங்க உரிமை உண்டென்றால் இதையும் வாங்க உரிமை உண்டு என்பதே அவர் வாதம்.

அந்தத் துப்பாக்கி செய்த குற்றம் என்ன? அதனுடன் ஒரு கைக்கடிகாரம் வரும். கடிகாரம் அருகில் இருந்தால் சுடும், இல்லாவிட்டால் சுடாது. அலமாரியைத் துழாவும் மூன்று வயதுக் குழந்தையின் கையில் அது கிடைத்தாலும் குண்டு வெளியே வராது. வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம். இதற்காகவா ஒரு மனிதரைக் கொல்வோம் என்றார்கள்?

விடையைத் தேடி மேரிலாந்தில் அலைந்தால் கிடைக்காது. அது இன்னொரு மாநிலத்தில், நியூ ஜெர்சியின் தலைநகர் டிரென்டனில், பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு சட்டத்தின் ஒரே ஒரு பிரிவில் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட பிரிவு அது. அதனாலேயே இந்த நிகழ்வை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சட்டம் சொன்னது

2002 டிசம்பர் 23 அன்று ஆளுநர் ஜேம்ஸ் மெக்கிரீவி கையெழுத்திட்ட சட்டத்தின் பெயரே நோக்கத்தைச் சொல்லிவிடும்: குழந்தைக் காப்புக் கைத்துப்பாக்கிச் சட்டம். அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதல் சட்டம். அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லொரெட்டா வைன்பெர்க். அப்போது அவர் மாநிலக் கீழவை உறுப்பினர், பின்னாளில் செனட்டர்.

தனிப்பயன் கைத்துப்பாக்கி, அதாவது ஸ்மார்ட் துப்பாக்கி, எது என்பதைச் சட்டம் வரையறுத்தது. உரியவர் மட்டுமே சுடக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கான தொழில்நுட்பம் துப்பாக்கியின் வடிவமைப்பிலேயே, தொழிற்சாலையில் செய்யும்போதே சேர்ந்திருக்க வேண்டும். அதை எளிதில் செயலிழக்கச் செய்ய முடியக்கூடாது. அப்படியொரு துப்பாக்கி சந்தைக்கு வந்துவிட்டதா என்று மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் அறிக்கை தர வேண்டும். வந்துவிட்டது என்று அவர் அறிவித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கணக்கு. அதன் பிறகு நியூ ஜெர்சிக் கடைகளில் சாதாரணக் கைத்துப்பாக்கி விற்க முடியாது, ஸ்மார்ட் துப்பாக்கி மட்டுமே விற்கலாம்.

சந்தைக்கு வந்துவிட்டது என்பதை எப்படி முடிவுசெய்வது? முள் இருந்த இடம் இதுதான். ஏதாவது ஒரு தயாரிப்பாளர், விற்பனைக்கான ஒரே ஒரு மாதிரியை, நியூ ஜெர்சியிலோ வேறு எந்த மாநிலத்திலோ உரிமம் பெற்ற ஒரு வணிகரிடம் சேர்த்துவிட்டால் போதும் என்றது சட்டம். ‘வேறு எந்த மாநிலத்திலோ’ என்ற சொற்களை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு கடைக்காரர் ஒரு துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூ ஜெர்சியில் மூன்று ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

சட்டம் எழுதியவர்களின் கணக்கு புரிகிறது. தொழில்நுட்பம் எப்படியும் வந்துவிடும், வந்தவுடன் தாமதமில்லாமல் நடைமுறைக்கு வர வேண்டும், அடுத்த சட்டமன்றம் மனம் மாறினாலும் சட்டம் தானாக இயங்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் தானாக இயங்கும் அந்த விசையைத் துப்பாக்கி வணிகத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். யார் அதை அழுத்தவே விரும்பமாட்டார்களோ, அவர்களிடமே. பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது பழைய கேள்வி. மணி கட்டுகிறவர் தலையில்தான் பழி முழுவதும் விழும் என்று எழுதி வைத்துவிட்டு, யாராவது வருவார்கள் என்று இவர்கள் காத்திருந்தார்கள்.

ஏன் நம்பினார்கள்

2002இல் அந்த நம்பிக்கை வீண் கனவாகத் தெரியவில்லை. எண்ணம் பழையது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற துப்பாக்கி நிறுவனம் 1880களிலேயே, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் மட்டுமே சுடக்கூடிய ரிவால்வரைக் கொண்டுவந்தது. சின்னக் கைகளுக்கு அந்த அழுத்தம் வராது என்பது கருத்து. 1970களில், விரலில் காந்த மோதிரம் அணிந்தவர் மட்டுமே சுடக்கூடிய ஏற்பாடு ஒன்றும் ரிவால்வர்களுக்குக் கிடைத்தது.

தீவிரமான ஆராய்ச்சி தொடங்கியது குழந்தைகளுக்காக அல்ல, காவலர்களுக்காக. கைகலப்பில் காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டுவிடுவது அப்போது பெரிய கவலை. 1979 முதல் 1992 வரை அமெரிக்காவில் துப்பாக்கியால் கொல்லப்பட்ட காவலர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர், தம்முடைய அல்லது உடன் இருந்த காவலருடைய துப்பாக்கியாலேயே இறந்தார். மத்திய நீதித் துறையின் பணத்தில் சாண்டியா தேசிய ஆய்வகம் இதை ஆராய்ந்து 1996இல் அறிக்கை வெளியிட்டது. அப்போதைக்குக் காவலர் நம்பி எடுத்துப்போகும் நிலையில் எந்தத் தொழில்நுட்பமும் இல்லை, ஆனால் முயலத்தக்க வழிகள் உண்டு என்பது அதன் சாரம்.

கோல்ட் என்ற துப்பாக்கி நிறுவனம் அரசு உதவியோடு முன்மாதிரிகளைச் செய்தது. அதன் தலைவர் ரான் ஸ்டூவர்ட், துப்பாக்கித் தொழில் ஸ்மார்ட் துப்பாக்கியை ஏற்க வேண்டும் என்று 1997இல் தொழில் இதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். புறக்கணிப்பு இயக்கம் கிளம்பியது. அவர் பதவியை விட்டார். 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கிளின்டன் அரசுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. வருவாயில் 2 சதவீதத்தை இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்குவோம், 36 மாதங்களில் புதிய மாதிரிகளில் அதைச் சேர்ப்போம் என்று ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்கள் அதைத் துரோகமாகப் பார்த்தார்கள். விற்பனை சரிந்தது. 1987இல் 11.25 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கியிருந்த பிரிட்டிஷ் உரிமையாளர், 2001இல் அதை 1.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். துப்பாக்கித் தொழிலில் இருந்த ஒவ்வொருவரும் அந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டார்கள் என்றே சொல்வேன்.

ஆகவே நியூ ஜெர்சிச் சட்டத்தின்மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. எதிர்ப்பின் சூடு சட்டத்துக்கு முன்பே இருந்தது. ஆனால் அது தெரிந்திருந்தும், எதிர்ப்பாளர்களுக்கு இன்னும் வலுவான ஒரு காரணத்தைச் சட்டம் கையில் கொடுத்தது என்பதுதான் என் குறை.

மாநிலம் சும்மா இருக்கவில்லை. நியூவார்க்கில் உள்ள நியூ ஜெர்சித் தொழில்நுட்பக் கழகத்தில், பிடியை வைத்தே ஆளை அறியும் துப்பாக்கியை உருவாக்க அரசு பணம் கொடுத்தது. கைரேகை அல்ல, பிடி. விசையை இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் உள்ளங்கையும் விரல்களும் கைப்பிடியின் எந்தெந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகின்றன என்பது கையெழுத்தைப் போல ஆளுக்கு ஆள் மாறும். கைப்பிடியில் பதித்த உணரிகள் அதைப் படிக்கும். 2004இல் சுட்டும் காட்டினார்கள். ஆனால் அந்த முன்மாதிரி கடைக்கு வரும் துப்பாக்கியாக மாறவில்லை. ஆய்வகத்துக்கும் கடைக்கும் நடுவில் தொழிற்சாலை வேண்டும். எந்தப் பெரிய தொழிற்சாலையும் முன்வரவில்லை.

கடிகாரத் துப்பாக்கி

பத்தாண்டுகள் கழித்து வந்தது ஆர்மாடிக்ஸ் ஐபி1. மியூனிக் அருகே இருந்த நிறுவனம். வடிவமைத்தவர் எர்ன்ஸ்ட் மௌக், ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தில் பல்லாண்டுகள் ராணுவத் துப்பாக்கிகளை வடிவமைத்தவர். .22 அளவுத் தோட்டா போடும் சிறிய கைத்துப்பாக்கி. கடிகாரத்தில் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அது கடிகாரத்தை வானொலி அலையால் தேடும். கிடைத்தால் கைப்பிடியின் பின்புறம் பச்சை விளக்கு எரியும். உள்ளே ஒரு மின்காந்தம் சுடும் ஊசியின் வழியை அடைத்திருக்கும் உலோகத் துண்டை நகர்த்தும். கடிகாரம் 10 அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். துப்பாக்கியும் கடிகாரமும் சேர்ந்து 1,800 டாலர் அளவில் விலை. அந்தத் தோட்டா அளவில் நல்ல சாதாரணத் துப்பாக்கியை அதில் கால் பங்குக்கே வாங்கிவிடலாம்.

2014 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஒரு துப்பாக்கிக் கழகத்தின் கடையில் அது விற்பனைக்கு வந்ததாகச் செய்தி வெளியானது. எதிர்ப்பு வெடித்தது. கழகத்தின் உரிமையாளர் அந்த நிறுவனத்துக்கும் தமக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்துத்தான் மேரிலாந்துக் கடைக்காரர். மிரட்டியவர்கள் அஞ்சியது அந்தத் துப்பாக்கிக்கு அல்ல. அது ஒரு கடையில் உட்கார்ந்தால் நியூ ஜெர்சியில் அந்த மூன்று ஆண்டுக் கடிகாரம் ஓடும், பிறகு மற்ற மாநிலங்களும் அதே சட்டத்தைக் கொண்டுவரும் என்றுதான் அஞ்சினார்கள். மிரட்டலை ஒருபோதும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த அச்சம் கற்பனை அல்ல, சட்டப் புத்தகத்தில் கறுப்பு மையில் அச்சாகியிருந்தது.

வைன்பெர்க் அதைப் புரிந்துகொண்டார். இந்தத் தொழில்நுட்பத்தின் உருவாக்கத்துக்கும் விற்பனைக்கும் குறுக்கே நிற்கமாட்டோம் என்று துப்பாக்கி உரிமைக்காக நிற்கும் தேசிய ரைபிள் சங்கம் உறுதி தரட்டும், கட்டாயப் பிரிவை மாற்ற நானே முன்வருகிறேன் என்று அதே ஆண்டு தொலைக்காட்சியில் சொன்னார். தான் பெற்ற சட்டத்தைத் தானே விட்டுக்கொடுக்க முன்வருவது அரசியலில் எளிதான காரியமல்ல. அந்த உறுதி வரவில்லை. ஸ்மார்ட் துப்பாக்கியை எதிர்க்கவில்லை, கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறோம் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. கட்டாயத்தை எடுத்துவிடுகிறேன் என்று ஒருவர் கையை நீட்டியபோது அந்தக் கையைப் பற்றாமல் விட்டது, அந்த நிலைப்பாட்டின்மேல் எனக்கிருந்த நம்பிக்கையைக் குறைத்துவிட்டது.

துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்த பிரேடி மையமோ எதிர்த் திசையில் போனது. சட்டப்படி தர வேண்டிய அறிக்கையைத் தாருங்கள் என்று அட்டர்னி ஜெனரல்மேல் வழக்குப் போட்டது. 2014 நவம்பரில் பொறுப்பு அட்டர்னி ஜெனரல் ஜான் ஹாஃப்மன் அறிக்கை தந்தார். ஐபி1 சட்டத்தின் வரையறைக்குள் வராது என்றார். கடிகாரம் 10 அங்குலத்துக்குள் இருந்தால் யார் கையில் துப்பாக்கி இருந்தாலும் சுடும். உரியவர் மட்டும் சுடும் துப்பாக்கி அதுவல்ல. கடிகாரம் கட்டிய கையிலிருந்தே ஒருவர் பிடுங்கிச் சுடலாம்.

சட்டத்தின் சொற்களை எழுத்தெழுத்தாகப் படித்தால் அவர் சொன்னது சரி. காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கும் காட்சியிலிருந்துதான் இந்த ஆராய்ச்சியே தொடங்கியது என்பதை நினைத்தால் இன்னும் சரி. ஆனால் இரவில் கடிகாரம் மேசைமேல் இருக்க, அடுத்த அறையில் துப்பாக்கியை எடுக்கும் குழந்தையை அது காப்பாற்றியிருக்கும். சட்டத்தின் பெயரில் இருந்தது அந்தக் குழந்தை. வரையறையில் அது இல்லை.

காந்தம்

2015இல் ஆர்மாடிக்ஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது. கதை அங்கே முடியவில்லை. 2017இல் புனைபெயரில் இயங்கும் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அந்தத் துப்பாக்கியை மூன்று விதமாக ஏமாற்றிக் காட்டினார். துப்பாக்கிக்கும் கடிகாரத்துக்கும் இடையிலான அலையை எடுத்துத் தொலைவுக்கு அனுப்பி, கடிகாரம் அருகில் இல்லாமலே சுட்டார். அலையைக் குலைத்து, உரியவரே சுட முடியாமல் செய்தார். மூன்றாவதுதான் மனத்தைச் சுடுகிறது. 15 டாலருக்கு வாங்கிய காந்தங்களைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் ஓர் இடம் பார்த்து வைத்தார். மின்காந்தம் நகர்த்த வேண்டிய அந்த உலோகத் துண்டை வெளியிலிருந்த காந்தமே இழுத்துவிட்டது. கடிகாரமும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம்.

எளிதில் செயலிழக்கச் செய்ய முடியக்கூடாது என்று 2002இல் எழுதியவர்கள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று இது காட்டியது. கூடவே இன்னொன்றையும் காட்டியது. முதல் மாதிரி எப்போதும் குறையுள்ளதாகவே இருக்கும். வாங்குபவர் குறை சொல்லி, தயாரிப்பவர் திருத்தி, இரண்டாவதும் மூன்றாவதும் வர வேண்டும். முதல் மாதிரி விற்றவுடனே மாநிலம் முழுவதும் கட்டாயம் என்றால் அந்த இடைவெளி கிடைக்காது. கார்களில் காற்றுப்பை கட்டாயமாவதற்குமுன் பல ஆண்டுகள் சில மாதிரிகளில் மட்டும் ஓடியது. அதன் கோளாறுகளை அந்தக் கார்களே காட்டின.

எதிர்த்தவர்கள் சொன்னதில் உள்ள நியாயம்

எதிர்ப்பாளர்களை ஒரே கூடையில் போட்டுவிட எனக்கு விருப்பமில்லை. நடு இரவில் கதவை உடைத்து ஒருவன் உள்ளே வரும்போது மின்கலம் தீர்ந்திருந்தால்? விரல் ஈரமாக இருந்தால்? உயிருக்காக ஒன்றை நம்பியிருப்பவருக்கு நூற்றில் ஒருமுறை தவறுவதுகூட அதிகம். இந்தக் கேள்விக்கு அந்த நாளில் யாரிடமும் நல்ல பதில் இல்லை.

சட்டம் காவல் துறைக்கு விலக்குக் கொடுத்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, காவலருக்கு நம்பகமில்லாத துப்பாக்கி குடிமகனுக்கு மட்டும் எப்படி நம்பகமாகும் என்று கேட்டார்கள். சட்டத்தின் இரண்டாவது பெரிய பிழை இதுவென்று நான் நினைக்கிறேன். காவலருக்காகப் பிறந்த யோசனை இது. அவர்கள் கையில் முதலில் கொடுத்துச் சோதித்திருந்தால், அவர்கள் இடுப்பில் அது இருப்பதைக் கண்டே மக்கள் நம்பியிருப்பார்கள்.

மறுமுனையிலும் ஓர் எதிர்ப்பு இருந்தது. துப்பாக்கி வன்முறைக்கு எதிராக நிற்கும் வன்முறைக் கொள்கை மையமே ஸ்மார்ட் துப்பாக்கியை ஏற்கவில்லை. பாதுகாப்பானது என்ற பெயரில், இதுவரை துப்பாக்கி வாங்காத வீடுகளிலும் துப்பாக்கி நுழையும் என்றார்கள். இதையும் தள்ளிவிட முடியாது. 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அவர்களில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தம் துப்பாக்கியால் தம்மையே சுட்டுக்கொள்பவரை எந்தக் கடிகாரமும் தடுக்காது. விபத்தாகச் சுடப்பட்டு இறப்பவர்கள் ஆண்டுக்கு ஐந்நூறு பேர் அளவில்தான்.

‘தான்’ என்று எழுதும்போதே கை கூசுகிறது. அந்த ஐந்நூறில் குழந்தைகளும் இருக்கிறார்கள். தற்கொலைக் கணக்கிலும், பதின்வயதுப் பிள்ளைகள் எடுக்கும் துப்பாக்கி பெரும்பாலும் வீட்டில் பெற்றோரோ உறவினரோ வைத்திருந்தது. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் எடுத்துப்போனவை அவன் தாய் முறைப்படி வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகள். அவன் பயன்படுத்தியதில் முதன்மையானது ரைபிள். கைத்துப்பாக்கிச் சட்டம் அதைத் தொட்டிருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் உரியவர் அல்லாதவர் கையில் துப்பாக்கி என்ற சிக்கலின் முகம் அதுதான். நியூ ஜெர்சியின் எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் நம் மக்கள் நிறைய இருக்கிறார்கள். பிள்ளையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும் தாய்க்கு இந்தக் கவலை புள்ளிவிவரம் அல்ல.

மத்திய அரசு ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1972 சட்டத்தால் உருவானது. அதன் அதிகாரத்திலிருந்து துப்பாக்கியும் தோட்டாவும் விலக்கப்பட்டன. 1976இல் அந்த விலக்கு மேலும் இறுக்கப்பட்டது. பொம்மைத் துப்பாக்கி குழந்தைக்குப் பாதுகாப்பானதா என்று அந்த ஆணையம் பார்க்கலாம். உண்மைத் துப்பாக்கியைப் பார்க்க முடியாது. அந்த வெற்றிடத்தில்தான் மாநிலங்கள் தாமே சட்டம் எழுத வேண்டியதாயிற்று.

விசை மாறியது

கட்டாயத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கடையும் ஒரு ஸ்மார்ட் துப்பாக்கியையாவது வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தை மாற்ற வைன்பெர்க் மசோதா கொண்டுவந்தார். அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2016இல் தம் ரத்து அதிகாரத்தால் அதைத் தடுத்தார். ஆட்சி மாறிய பிறகே வழி பிறந்தது. 2019 ஜூலை 16 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபி புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார்.

பழைய சட்டத்தோடு இதை ஒப்பிட்டால் மாறியது விசை இருக்கும் இடம்தான். எது ஸ்மார்ட் துப்பாக்கி என்பதை இனி ஏதோ ஒரு மாநிலத்துக் கடைக்காரரின் அலமாரி முடிவுசெய்யாது. அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் கீழ் அமையும் ஏழு பேர் கொண்ட ஆணையம் தரத்தை வகுக்கும், சோதிக்கும், பட்டியலில் சேர்க்கும். பட்டியலில் உள்ள ஒன்றையாவது கடைக்காரர் வாங்கி வைத்து வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். மற்றத் துப்பாக்கிகளை விற்கத் தடை இல்லை. ஆகவே வேறொரு மாநிலத்தில் ஒரு கடைக்காரர் ஸ்மார்ட் துப்பாக்கி விற்றால் நியூ ஜெர்சியில் யாருக்கும் எதுவும் பறிபோகாது. அவரை மிரட்ட யாருக்கும் காரணமும் இல்லை.

துப்பாக்கி வாங்க எண்ணியிருப்போரில் 59 சதவீதம் பேர் ஸ்மார்ட் துப்பாக்கியைப் பரிசீலிப்போம் என்றதாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். துப்பாக்கித் தொழில் சங்கம் 2013இல் எடுத்த கணிப்பில் 14 சதவீதம் பேர் மட்டுமே வாங்கக்கூடும் என்றார்கள். இரண்டும் கேள்வி கேட்ட விதத்தைப் பொறுத்தவை. எது உண்மை என்பதைக் கடையில் ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோதனையைத்தான் 2002இன் சட்டம் 17 ஆண்டுகள் நடக்கவிடாமல் வைத்திருந்தது.

லொரெட்டா வைன்பெர்க் 2022 ஜனவரியில் செனட்டிலிருந்து ஓய்வு பெற்றார். அதே மாதம் ஐடஹோவின் பாய்ஸி நகரில் லோட்ஸ்டார் என்ற சிறு நிறுவனம், கைரேகையாலும் கைப்பேசிச் செயலியாலும் எண்பலகையாலும் திறக்கும் 9 மில்லிமீட்டர் துப்பாக்கியை முதலீட்டாளர்கள் முன் சுட்டுக் காட்டியது. 2023 ஏப்ரலில் கொலராடோவின் பயோஃபயர் நிறுவனம் 1,499 டாலர் விலையில் இன்னொன்றை அறிவித்தது. கைப்பிடியில் விரல்ரேகை உணரி, பின்புறம் முகத்தை அறியும் கேமரா. இரண்டில் ஒன்று பொருந்தினால் திறக்கும். கையை எடுத்தவுடன் தானே பூட்டிக்கொள்ளும். கடிகாரம் இல்லை, மோதிரம் இல்லை. எல்லாம் துப்பாக்கிக்குள்ளேயே, தொழிற்சாலையில் வைத்தே. 2002இன் வரையறை கேட்டதும் அதைத்தான். ஆனால் அது ஒரு கடைக்கு வந்தால் ஓடத் தொடங்க வேண்டிய அந்த மூன்று ஆண்டுக் கடிகாரம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, அப்போது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.